மொச்சைக் காம்பில் சிவப்பு நூல்

வயலுக்குப் போகும் நாளில் என் பையில் இருக்க வேண்டியவை: புது பிளேடுகள், முனை வளைந்த இடுக்கி, ரப்பர் கையுறை, பதப்படுத்தும் திரவம் நிரப்பிய சிறு கண்ணாடிக் குப்பிகள், ஐஸ் போட்ட தெர்மாகோல் பெட்டி, அழியாத மார்க்கர் பேனா, தண்ணீர் பாட்டில், அத்தைக்கு ஒரு பொட்டலம் தட்டுவடை. கடைசியாகச் சொன்னதை மறந்துவிட்டு மற்றதையெல்லாம் கொண்டுபோவதில் பயனில்லை. வயல் அத்தையுடையது. தட்டுவடை சேலத்தில் வாங்கியதாகத்தான் இருக்க வேண்டும். நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் வாங்கினால் ஒரு கடியில் கண்டுபிடித்துவிடுவார்.

நான் சேலத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்தவள். தலைப்பு மொச்சை. முழு மொச்சைகூட இல்லை. பருப்புக்குள் இருக்கும் செல், அந்தச் செல்லுக்குள் உண்டாகும் புரதம், அந்தப் புரதம் எந்த வழியாகப் போய் எங்கே சேர்கிறது என்பது. என்ன படிக்கிறாய் என்று கேட்பவர்களுக்கு நான் மூன்று பதில்கள் வைத்திருந்தேன். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் கேட்டால், விவசாயம். பெண் பார்க்க வந்தவர்கள் கேட்டால், பயோடெக். உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்டால், முதலில் அவருக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்று நான் திருப்பிக் கேட்பேன்.

அந்த மூன்றாவது பதிலில் முதலில் மாட்டியவர் அப்பா. அவருக்கு நாமக்கல்லில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் வேலை. சரக்கு வரும், ஊர்வாரியாகப் பிரிப்பார்கள், லேபிள் ஒட்டுவார்கள், ஏற்றி அனுப்புவார்கள். அதனால் அவரிடம் விளக்குவது எனக்குச் சுலபமாக இருந்தது.

"ஒரு செல்லுன்னா உங்க ஆபீஸ் மாதிரின்னு வெச்சுக்குங்கப்பா. ஒரு பக்கம் சரக்கு தயாராகுது. அதுதான் புரதம். அது நேரா கிடங்குக்குப் போறதில்லை. நடுவுல ஒரு இடத்துல பிரிச்சு, லேபிள் பாத்து, சின்னச் சின்ன வண்டியில ஏத்தி விடுது. கிடங்குல போய் இறங்குது. விதை காஞ்சு கிடக்கற வரைக்கும் அங்கயே இருக்கும். மழை பேஞ்சு முளைக்கறப்ப நாத்துக்கு அதுதான் சோறு."

"லேபிள் கிழிஞ்சு போச்சுன்னா?"

"செல்லுக்கு வெளியில கொண்டுபோய்க் கொட்டிரும்."

"அப்ப நம்ம ஆபீசேதான்" என்று அப்பா சந்தோஷப்பட்டார். "வேற சரக்குல அந்த லேபிளை ஒட்டுனா?"

"உள்ள என்ன இருக்குதுன்னு செல்லு பாக்காது. லேபிளைப் பாத்துக் கொண்டுபோய்க் கிடங்குல எறக்கிரும். அப்படிச் செஞ்சும் பாத்திருக்காங்க."

"சரி, உன்ற வேலை இதுல எதுங் கண்ணு?"

மொச்சைப் பருப்பில் முக்கியமாக இரண்டு வகைப் புரதங்கள் சேர்கின்றன. இரண்டும் ஒரே கிடங்கில்தான் போய் இறங்குகின்றன. ஒரே வண்டியில் போகின்றனவா, தனித்தனி வண்டியிலா என்பது என் கேள்வி. அதைச் சொன்னேன். அப்பா யோசிக்கவே இல்லை.

"ஒரே எடத்துக்குப் போற சரக்குக்கு எவனாச்சும் ரெண்டு வண்டி பிடிப்பானா? ஒரே வண்டிதான். இதுக்கா அஞ்சு வருசம்?"

மாமாவின் கருத்து வேறு. மாமா என்றால் அத்தையின் கணவர். எருமப்பட்டிக்குப் பக்கத்தில் அவருக்குக் கோழிப்பண்ணை இருக்கிறது; பண்ணையை ஒட்டித்தான் நான் மொச்சை போட்ட வயல். புரதம் என்ற சொல்லை என் வாயிலிருந்து கேட்டாலே அவருக்கு ரோஷம் வந்துவிடும். "ஏம் மருமகளே, நாமக்கல்லுல பொறந்துட்டு மொச்சையில போய்ப் புரோட்டீன் தேடறயே, கோழி கேட்டா என்ன நெனைக்கும்?" என்பார். ஒவ்வொரு முறையும் புதிதாகச் சொல்வதுபோலவே சொல்வார். ஒவ்வொரு முறையும் அத்தை சிரிப்பார்.

மொச்சையை நான் தேர்ந்தெடுத்ததில் ஒரே ஒரு சங்கடம் இருந்தது. நாட்டு மொச்சை நினைத்தபோது பூக்காது. ஆடியில் விதைத்தால் கொடி வளர்ந்துகொண்டே இருக்கும். பகல் குறைந்து பனிக்காலம் தொடங்கும்போதுதான் பூவெடுக்கும். மார்கழியில் காய். வருடத்தில் ஒரு தடவை. எனக்கு வேண்டிய காய்க்கோ குறிப்பிட்ட வயது இருக்க வேண்டும். பூ விரிந்து மூன்று வாரத்துக்கும் நான்கு வாரத்துக்கும் இடையில், பருப்புக்குள் புரதம் மும்முரமாக உண்டாகி மும்முரமாகக் கிடங்குக்குப் போய்க்கொண்டிருக்கும். வண்டிகள் ஓடுவதைப் பார்க்க அதுதான் நேரம். அதற்கு முன் போனால் சரக்கு வந்திருக்காது. பின்னால் போனால் எல்லாம் இறங்கி, கிடங்கைப் பூட்டிவிட்டுப் போயிருப்பார்கள்.

முந்தைய வருடம் பூவெடுத்த வாரத்தில் அடைமழை பிடித்துக்கொண்டது. பூவெல்லாம் கொட்டிப்போனது. இளங்காய்க்கும் முற்றிய காய்க்கும் என்னிடம் படங்கள் இருந்தன. நடுவயதுக்கு மட்டும் இல்லை. அது இல்லாமல் ஆய்வேட்டை முடிக்க முடியாது என்று என் கைடு மேடம் சொல்லிவிட்டார். எனக்கும் அது தெரியும். உதவித்தொகை பங்குனியோடு முடிகிறது. வேறொரு ஊரில் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்புக்கு மாசியில் நாள் கேட்டு வாங்கியிருந்தேன். அந்த மார்கழியை விட்டால் அடுத்த மார்கழிதான்.

காயின் வயதை அறியப் பூ விரிந்த அன்றே அதற்கு அடையாளம் போட வேண்டும். மொச்சையின் பூங்கொத்து நீளமானது. கீழிருந்து மேலாக நாளுக்குச் சில பூக்களாக விரியும். ஆகவே கொத்துக்கு ஓர் அடையாளம் போதாது. பூவுக்கு ஒன்று வேண்டும். காகிதச் சீட்டு கட்டிப் பார்த்தேன். பனியில் ஊறி விழுந்தது. பிளாஸ்டிக் பட்டை கட்டினேன், ஆடு தின்றது. கடைசியில் நூல். அம்மாபேட்டையில் தறி வைத்திருக்கும் வீட்டுப் பெண் ஒருத்தி எனக்கு அறைத்தோழி. தறியில் அறுந்து மிஞ்சும் நூல்களை ஒரு பை நிறையக் கொண்டுவந்து கொடுத்தாள். பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு. நாளுக்கு ஒரு நிறம். "எங்க ஊர்ச் சாயம், பனிக்கும் போகாது மழைக்கும் போகாது" என்று சத்தியம் செய்தாள்.

நூலைத் தேர்ந்தெடுக்க இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் பக்கம் காயில், பழத்தில், சுரைக்காயில்கூட ஒரு நூலோ கந்தல் துணியோ கட்டியிருந்தால் அதை யாரும் பறிக்க மாட்டார்கள். அது விதைக்கு விட்டது என்று அர்த்தம். கொடியிலேயே காயட்டும் என்று விட்டுவிட்டுப் போவார்கள். யார் தோட்டமானாலும் இதுதான் வழக்கம். காவலுக்கு ஆள் போட்டிருந்தால்கூட அவ்வளவு பத்திரம் கிடைக்காது என்று நினைத்தேன்.

கட்டுவதற்கு அப்பாவின் முடிச்சைப் பயன்படுத்தினேன். லாரிக்குப் படுதா போட்டுக் கயிறு கட்டுவார்களே, ஒரு நுனியை இழுத்தால் முழுதும் அவிழ்ந்துவிடும், அந்த முடிச்சு. காய் பருக்கும்போது காம்பை இறுக்காமல் இருக்கத் தளர்வாகச் சுற்றி அதைப் போட்டேன். எனக்கு வேண்டிய நடுவயதுக் காய்களுக்கு விழுந்த நிறம் சிவப்பு.

மார்கழி பாதியில் மாமா போன் செய்தார். "மருமகளே, பொங்கல் வருதுன்னு மொச்சைக்கு நல்ல வெலை. நாளைக்குக் காலையில பறிக்கறோம். உன்ற நூலுக் காயை ஒருத்தியும் தொட மாட்டா. நான் சொல்லணும்னே இல்லை, அவியளுக்கே தெரியும்."

மறுநாள்தான் என் சிவப்புக் காய்களுக்கும் நாள். முதல் பஸ்ஸைப் பிடித்தேன். நாமக்கல்லில் மாறி எருமப்பட்டியில் இறங்கி நடந்தபோது, பனி இன்னும் முழுதாக விலகவில்லை. பனிக்கால மொச்சைக்கு ஒரு வாசனை உண்டு. எண்ணெய் தடவினதுபோல் கையில் ஒட்டிக்கொண்டு சாப்பாட்டு நேரம்வரை போகாது. அந்த வாசனை ரோட்டிலேயே அடித்தது. பறிப்பு பெரும்பாலும் முடிந்திருந்தது. மூட்டைகள் குட்டி யானை லாரியில் ஏறிக்கொண்டிருந்தன. பறித்த பெண்கள் வரப்பில் உட்கார்ந்து போசியிலிருந்து டீ ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் கூட்டி வருகிறவர் ஓர் அக்கா. குரல் பெரியது. இந்த வரப்பில் பேசினால் அடுத்த ஊர்க் கிணற்றடியில் பதில் சொல்வார்கள். மனதுக்குள் நான் அவருக்குப் பெருங்குரல் அக்கா என்று பேர் வைத்திருந்தேன்.

"வாங்க அம்மிணி! உங்க நூலு பூராம் பத்திரமா இருக்குது, போய்ப் பாருங்க!"

பார்த்தேன். பச்சை இலைகளுக்கு நடுவே சிவப்பு நூல்கள் அங்கங்கே ஆடிக்கொண்டிருந்தன. கையுறையை மாட்டிக்கொண்டு முதல் காயைப் பறித்தேன்.

கனமாக இருந்தது. நடுவயதுக் காய் கனக்காது. ஓடு முழு நீளத்துக்கு வளர்ந்திருக்கும், உள்ளே பருப்பு இன்னும் பருக்கவில்லை, தொட்டால் தட்டையாக இருக்கும். இதுவோ பருப்பு பிதுங்கிக்கொண்டு நின்றது. பிரித்தேன். விதை கெட்டியாக இருந்தது. கிடங்கு பூட்டியாகிவிட்டது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும்.

நாளைத் தப்பாகக் கணக்கிட்டேனா என்று யோசித்தேன். இல்லை. நிறத்தை மாற்றிக் கட்டினேனா? இல்லை. வெயில் கூடுதலாக அடித்துச் சீக்கிரம் முற்றிவிட்டதா? மார்கழியில் என்ன வெயில்? நான்காவது காயின் நூலை அவிழ்க்க நுனியைப் பிடித்து இழுத்தேன். அவிழவில்லை. குனிந்து பார்த்தேன். இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கி, வாலை ஒட்ட நறுக்கியிருந்தது. மல்லிகைச் சரம் தொடுக்கிற முடிச்சு.

எனக்குப் பூத்தொடுக்கத் தெரியாது.

வரப்புக்குப் போனேன். "அக்கா, அந்த நூலை யாராச்சும் தொட்டீங்களா?"

"ஐயோ, ஒண்ணுகூட அறுக்கலீங் அம்மிணி. எண்ணிப் பாத்துக்கோங்க."

"அறுத்தீங்களான்னு கேக்கலீங்க்கா. முடிச்சு வேற மாதிரி இருக்குது."

பெருங்குரல் அக்கா போசியைக் கீழே வைத்தார். முகத்தில் பெருமை. "அதுங்களா? மாத்திக் கட்டியிருக்குதுங்க. நீங்க பாவம், பூராம் சப்பட்டைக் காயாப் பாத்துக் கட்டி வெச்சிருந்தீங்க. அதையப் போய் வெதைக்கு விட்டா வெளங்குமா? நாங்க நல்ல காயா, நாலு பருப்பு நெறஞ்ச காயா, அந்தந்தக் கொடியிலயே பாத்து மாத்திக் கட்டிட்டோம். கூலி ஒண்ணும் வேண்டாமுங்க."

பக்கத்தில் இருந்த இளவயதுப் பெண் சொன்னார், "நான் அப்பவே சொன்னேனுங்க, அம்மிணி ஏதாச்சும் காரணமாத்தான் கட்டியிருக்கும்னு. இவிய எங்க கேட்டாங்க?"

"எப்பத்தான்டி சொன்ன? வாயில நூலக் கடிச்சுக்கிட்டு அஞ்சாறு காய்க்கு நீதானடி கட்டுன!"

"பல்லுல நூலு இருந்ததுனாலதான் நாஞ் சொன்னது உங்களுக்கு வெளங்கலை."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். அவர்கள்மேல் கோபம் வரவில்லை. விதைக்கு விடுகிற காயை யாராவது மோசமாகப் பொறுக்கியிருந்தால், பார்க்கிறவர் திருத்திவிட்டுப் போவதும் எங்கள் பக்கத்து வழக்கம்தான். எனக்குத் தோன்றியது வேறு. லேபிளைப் பிரித்து வேறு சரக்கில் ஒட்டியிருக்கிறார்கள்; நானும் செல்லைப் போலவே லேபிளை நம்பி எடுத்துக்கொண்டு போகப் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் அவசரப்பட்டிருந்தால் முற்றின காயை நடுவயது என்று படம் பிடித்திருப்பேன்.

"எனக்கு இது வெதைக்கு இல்லீங்க்கா. நறுக்கி, உள்ள பாக்கறதுக்கு. அந்தச் சப்பட்டைதான் வேணும். அதுலயும் எந்த நாள்ல பூத்ததுன்னு தெரிஞ்ச சப்பட்டைதான் வேணும்."

அந்த இளவயதுப் பெண் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார், "கெடைக்கலைன்னா?"

"அடுத்த மார்கழிங்க்கா."

பெருங்குரல் அக்கா முதல் தடவையாக மெதுவாகப் பேசினார். "காயைப் பறிக்கச் சொன்னா ஒரு வருசத்தையே பறிச்சுட்டமே அம்மிணி."

கலங்கினால் நான் பட்டியல் போடுவேன். வரப்பில் உட்கார்ந்து மனதுக்குள் போட்டேன். ஒன்று: சந்தைக்கு நிறைந்த காய்தான் போகும், சப்பட்டையை அடுத்த பறிப்புக்கு விட்டுவிடுவார்கள். ஆகவே என் காய்கள் இன்னும் கொடியில்தான் இருக்கின்றன. இரண்டு: அந்தந்தக் கொடியிலேயே மாற்றியிருக்கிறார்கள். ஆகவே தூரம் போகவில்லை. மூன்று: ஒரு கொடியில் சப்பட்டைகள் நிறைய. எல்லாம் ஒரே நீளம், ஒரே பச்சை. அவற்றில் எது என்னுடையது? நான்கு என்று சேர்க்க எதுவும் இல்லை.

கையுறையைக் கழற்றினேன். கழற்றும்போதுதான் பார்த்தேன், கையுறையின் விரல் நுனிகள் இளஞ்சிவப்பாக இருந்தன. ரத்தமோ என்று நினைத்தேன். இல்லை, நூல். பனியில் நனைந்த நூலை அவிழ்க்க முயன்றபோது ஒட்டியது. அம்மாபேட்டைச் சாயம். பனிக்கும் போகாத, மழைக்கும் போகாத சாயம்.

எழுந்து ஓடினேன். ஒரு கொடியைப் பிடித்து, சப்பட்டைக் காய்களின் காம்புகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பினேன். முதல் காம்பு வெறும் பச்சை. இரண்டாவதும். மூன்றாவதில், காய் தொங்கும் இடத்துக்குச் சற்று மேலே, மெல்லிய சிவப்பு வளையம். மூன்று வாரத்துக்கு மேல் தினமும் பனியில் ஊறி, நூல் இருந்த இடத்தில் சாயம் காம்பில் இறங்கியிருந்தது. விரலால் தேய்த்தேன். போகவில்லை. அன்று காலையில் மாற்றிக் கட்டிய முற்றின காய்களின் காம்பையும் பார்த்தேன். அங்கே நூல் இருந்தது, வளையம் இல்லை. சாயம் இறங்க அதற்கு நேரமே கிடைக்கவில்லை.

"அக்கா! எல்லாரும் வாங்க!"

என் குரலும் அன்று அடுத்த ஊர்க் கிணற்றடிவரை போயிருக்கும். காம்பைக் காட்டினேன். ஒருவர் விடாமல் பார்த்தார்கள். "நெத்திக் குங்குமமாட்ட இருக்குது" என்றார் ஒருவர். அடுத்த நிமிடம் எல்லோரும் வயலில் இருந்தார்கள்.

"எனக்கு ஒண்ணு!"

"எனக்கு ரெண்டு!"

"அடியே அது வளையமில்லை, பூச்சி கடிச்சது."

"பூச்சி செவப்புச் சாயம் வெச்சுக்கிட்டா கடிக்கும்? அம்மிணிகிட்டக் குடு, அது சொல்லட்டும்."

குட்டி யானை டிரைவர் ஹாரன் அடித்தார். மாமா பண்ணையிலிருந்து வேகமாக வந்தார். "ஏனுங்க, மூட்டை ஏறி எவ்வளவு நேரமாச்சு, மார்க்கெட்டுக்குப் போக வேண்டாமா? இன்னும் என்ன தேடறீங்கோ?"

"அம்மிணியோட வருசத்தைத் தேடறமுங்க!" என்றார் பெருங்குரல் அக்கா, தலை நிமிராமல். "மார்க்கெட்டு எங்கயும் ஓடிப்போயிராது. நீங்களும் குனிஞ்சு பாருங்க."

மாமா டிரைவரைப் போகச் சொல்லிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரும் இறங்கினார். கண்ணாடி வீட்டில் இருந்தது. வெற்றியோடு அவர் கொண்டுவந்து காட்டிய முதல் சிவப்பு, ஒரு எறும்பு.

வந்த காய்களில் சந்தேகம் இருந்ததையெல்லாம் நான் ஒதுக்கினேன். வளையம் முழுதாக இருக்க வேண்டும், நூல் இருந்த அகலத்தில் இருக்க வேண்டும். ஒதுக்கும்போதெல்லாம் கண்டுபிடித்தவர் முகம் வாடியது. பெருங்குரல் அக்கா அவருக்காக என்னிடம் வாதாடினார். கடைசியில் என் உள்ளங்கை நிறையக் காய் தேறியது. நான் கட்டியதில் பாதிகூட இல்லை. ஆனால் போதும். ஒரு செல்லைப் பார்ப்பதற்கு மூட்டைக்கணக்கில் மொச்சை வேண்டியதில்லை.

காயை உடனே நறுக்கித் திரவத்தில் போட்டாக வேண்டும். வயலில் வெயில் ஏறிவிட்டது. மாமாவின் பண்ணையில் முட்டை அடுக்கும் அறைதான் குளுமையாக இருந்தது. அங்கே தரையில் உட்கார்ந்து, பருப்பைக் கடுகைவிடச் சிறிய துண்டுகளாக வெட்டிக் குப்பிகளில் போட்டேன். திரவத்தின் நெடி கண்ணைக் கரிக்கும் என்பதால் எல்லோரையும் வாசலோடு நிறுத்திவிட்டேன். வாசல் நிறைய முகங்கள். குப்பிகள் உருண்டன. மாமா ஒரு முட்டை அட்டையை என் பக்கம் தள்ளினார். குழிக்கு ஒரு குப்பி, அளந்து செய்ததுபோல் உட்கார்ந்தது. ஆய்வுக்கூடத்தில் விலை கொடுத்து வாங்கிய ஸ்டாண்டுகளில் ஒன்றுகூட அத்தனை கச்சிதமில்லை.

"பாத்தயா," என்றார் மாமா. "கடைசியில கோழிகிட்டத்தான் வந்து நின்ன."

அந்த அட்டையைக் கயிறு போட்டுக் கட்டி மடியில் வைத்துக்கொண்டு சேலத்துக்குத் திரும்பினேன். கண்டக்டர் பார்த்துவிட்டு, "முட்டையாம்மா? உடைஞ்சா என்னைக் கேக்கக் கூடாது" என்றார். சரி என்றேன். ஹாஸ்டல் அறையில் தோழியிடம் கையுறையின் சிவந்த விரல்களைக் காட்டினேன். அவள் முகம் சுருங்கியது. தறிக்காரரான தன் அப்பாவுக்குப் போன் போட்டாள். அவர் அந்தப் பக்கம் சொன்னது எனக்கும் கேட்டது: "செவப்பு மட்டும் மொதல்ல கொஞ்சம் விடத்தாம்மா செய்யும். அதைப் போய் நீ எதுக்கு சத்தியம் பண்ணுன?" அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினாள். நான் அவளைக் கட்டிக்கொண்டேன். ஏன் என்று புரியவைக்க ராத்திரிச் சாப்பாடு முடியும்வரை ஆனது.

மாசியில் மைக்ரோஸ்கோப்புக்குப் போனேன். அங்கே புரதத்தை அடையாளம் காண்பதும் லேபிள் வேலைதான். குறிப்பிட்ட புரதத்தைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும் ஒரு பொருளை எடுத்து, அதன்மேல் மிக நுண்ணிய தங்கத் துகளை ஏற்றிவிடுவோம். படத்தில் தங்கம் கறுப்புப் புள்ளியாகத் தெரியும். ஒரு புரதத்துக்குச் சிறிய புள்ளி, மற்றதுக்குப் பெரிய புள்ளி. இருட்டறையில் திரை முன்னால் உட்கார்ந்து செல் செல்லாகத் தேடினேன். பிரிக்கும் இடம் தெரிந்தது. அடுக்கிவைத்த தோசைகள்போல் இருக்கும். அதன் ஓரத்தில் உருண்டையாக, அடர்த்தியாக, ஒரு சிறு பை. வண்டி. பெரிதாக்கினேன். உள்ளே சிறிய புள்ளிகள். அவற்றின் நடுவே பெரிய புள்ளிகள்.

ஒரே வண்டி.

சில வண்டிகளில் ஒன்று மட்டும் இருந்தது. அதைப் பற்றி ஆய்வேட்டில் இரண்டு பக்கம் எழுதினேன். ஆனால் மிகப் பெரும்பாலானவற்றில் இரண்டும் சேர்ந்தே போய்க்கொண்டிருந்தன. அப்பாவுக்குப் போன் செய்தேன். "அன்னைக்கே சொன்னேனல்ல" என்றார். அன்று முழுக்க புக்கிங் ஆபீஸில் எல்லோரிடமும் அதைச் சொல்லியிருக்கிறார்.

படத்தின் பிரதி ஒன்றை வயலுக்கும் கொண்டுபோனேன். பெருங்குரல் அக்கா அதைத் தள்ளிவைத்தும் கிட்டவைத்தும் பார்த்தார். "இந்தக் கறுப்புப் புள்ளிதான் தங்கமுங்களா?"

"ஆமாங்க்கா."

"ஒரு பவுனு தேறுமா?"

"இந்த வயல் மொச்சை பூராத்தையும் நறுக்கினாலும் தேறாதுங்க."

"அப்ப எங்க காதுல இருக்கறதே மேலு" என்று படத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

ஆய்வேட்டில் செய்முறை அத்தியாயத்தில் ஒரு வாக்கியம் சேர்த்தேன்: களப்பணியின்போது சில அடையாள நூல்கள் இடம் மாறின, காம்பில் சாயத் தடம் இருந்த காய்கள் மட்டுமே எடுத்துக்கொள்ளப்பட்டன. மேடம் அதைப் படித்துவிட்டு, இதை எழுதித்தான் ஆக வேண்டுமா, வாய்மொழித் தேர்வில் குடைந்துவிடுவார்களே என்றார். எழுதித்தான் ஆக வேண்டும் என்றேன். அவரும் அப்படித்தான் நினைத்தார் என்பது அவர் சிவப்புப் பேனாவை மூடிய விதத்தில் தெரிந்தது.

வாய்மொழித் தேர்வு அடுத்த மாசியில் நடந்தது. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்பது விதி. பொதுவாக அதை யாரும் நம்பி வருவதில்லை. எங்கள் வீட்டில் நம்பினார்கள். கடைசி வரிசையில் அப்பா, அத்தை, மாமா, அவர்களோடு பட்டுச்சேலையில் பெருங்குரல் அக்கா. நான் பேசியது முழுக்க ஆங்கிலத்தில். படம் மாறும்போதெல்லாம் அத்தை தலையாட்டினார்.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் வயதானவர், தமிழர். மேடம் பயந்த அந்த வாக்கியத்தில் வந்து நின்றார். அதைச் சத்தமாகப் படித்தார். பிறகு தமிழுக்கு மாறி, "நூல் இடம் மாறிச்சுன்னு எழுதியிருக்கீங்க. காத்துல மாறிச்சா, ஆடு மாடு இழுத்துச்சா? எப்படி மாறிச்சு? இந்தப் படம் மொத்தமும் அதுலதானே நிக்குது?" என்றார்.

நான் பதிலை ஒழுங்குபடுத்திக்கொண்டேன். ஒன்று, வழக்கம். இரண்டு, முடிச்சு. மூன்று, சாயம். வாயைத் திறக்கப்போனேன்.

"நாந்தானுங்க மாத்திக் கட்டுனது!"

கடைசி வரிசையில் பெருங்குரல் அக்கா எழுந்து நின்றிருந்தார். அந்த அரங்கத்தில் அவருக்கு மைக் தேவைப்படவில்லை. மேடம் கண்ணை மூடிக்கொண்டார்.

தேர்வாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க யாரும்மா?"

"மொச்சை பறிப்புக்கு வாரவளுங்க. வெதைக்கு விட்டதுன்னு நெனச்சு நல்ல காய்க்கு மாத்திட்டேனுங்க. அப்பறம் அம்மிணி வளையத்தைக் காட்டுச்சு, அத்தனை பேரும் தேடி எடுத்துக் குடுத்தோம். நாங்க கொண்டாந்ததுல பாதிய வேண்டாம்னு வீசிப்போடுச்சுங்க. அத்தனை கறாரு. அதையும் எழுதிக்கோங்க."

சிரிப்பு அடங்கச் சிறிது நேரம் ஆனது. பிறகு நான் மூன்றையும் வரிசையாகச் சொன்னேன். வளையம் தெரியும் காம்பின் படத்தைப் போட்டுக் காட்டினேன். தேர்வாளர் அதை வெகுநேரம் பார்த்தார். சரி என்றார். ஆனால் அவருக்கு இன்னொன்று தெரிய வேண்டியிருந்தது. அதை என்னிடம் கேட்கவில்லை.

"ஏம்மா, நீங்க நல்ல காய்னு மாத்திக் கட்டினது என்ன ஆச்சு?"

"முடிச்சை அவுக்காம அப்படியே காய விட்டமுங்க. ஆடியில வேலியோரம் பூராம் அதையத்தான் போட்டோம். இந்தத் தையில காய்ச்சுது பாருங்க, அப்படியொரு காய்ப்பு." கைப்பையைத் திறந்தார். "உங்களுக்கும் கொண்டாந்திருக்கறேன்."

துணி முடிச்சு ஒன்று வரிசை வரிசையாகக் கைமாறி, கேள்வி கேட்பவர்களின் மேசைக்கு வந்து சேர்ந்தது. தேர்வாளர் அதை அவிழ்த்து, வெளிறிய பழுப்பு மொச்சைகளை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். பட்டம் உண்டா இல்லையா என்று முடிவெழுதும் தாளில் கையெழுத்துப் போட்டு மேடத்திடம் நீட்டினார். மேடம் படித்துவிட்டு என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் பிடித்திருந்த மேசை விளிம்பை விட்டேன்.

"கடைசியா ஒரு கேள்வி," என்றார் தேர்வாளர் என்னிடம், ஒரு மொச்சையை விரல்களுக்கு நடுவே பிடித்தபடி. "இதை எப்போ போடணும்?"

நான் சொல்வதற்குள் கடைசி வரிசை முழுவதும் ஒரே குரலில் சொல்லிவிட்டது.

"ஆடியில!"